சட்டியை மோந்து சொல்கிற வேலை

"மாமா, பாருங்க" என்று என் மருமகள் அல்போன்சா நேத்து வைத்த குழம்புச் சட்டியின் மூடித் தட்டை எடுத்துவிட்டு, சட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சாயங்காலம் ஏழு மணி. காலையிலிருந்து விடாத மழை. நான் கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. நாலு வருஷமாக ஒன்றும் வருவதில்லை. ஊரெல்லாம் காய்ச்சல் வந்த அந்த வருஷம், எனக்கு வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. என் மகன் அசோகனிடம்கூட.

சொல்லி என்ன ஆகப் போகிறது. இந்த வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே வேலை இதுதான். பட்டினப்பாக்கத்தில் முப்பத்தைந்து வருஷம் மீன் வாங்கி விற்றவன் நான். செவுளைத் தூக்கிப் பார்க்க மாட்டேன், கூடையை மோந்தே விலை சொல்லுவேன். மீன் குழம்பை ப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, ருசி செத்துப்போகும் என்று சட்டம் போட்டதும் நான்தான். அடுப்பு மேடையிலேயே இருக்கட்டும், மறுநாள் நான் மோந்து சொல்கிறேன், அப்புறம் கொதிக்க வை. என் பெண்சாதி முனியம்மாள் இருந்தவரை அப்படித்தான் நடந்தது. அவள் போன பிறகு மருமகளும் அப்படியே செய்கிறாள். நான் சொல்லாமல் அந்தச் சட்டிக்குள் கரண்டி போகாது. மூக்கு போச்சு என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் மூலையில் உட்கார்ந்து டிவி பார்க்கிற கிழவன்.

அதனால் சட்டியை விட்டுவிட்டு வானத்தைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானம் ஒரு மணிக்குள் கடல் காத்து வந்துவிட்டால் குழம்பு தாங்கும். மூணு மணி வரை வராமல் பனியன் முதுகோடு ஒட்டினால் கொட்டச் சொல்லிவிடுவேன். மழை நாளில் யோசிக்கவே வேண்டாம், குளிர்ச்சிக்கு ரெண்டு நாள் நிற்கும். போனில் வருகிற மழை சேதியை நான் நம்புகிறதில்லை, பனியனை நம்புவேன். இதுவரை மாட்டவில்லை. ஆனால் இந்தப் பெண் சாந்தோம் மாதா கோயில் பக்கத்து வாத்தியார் வீட்டில் பிறந்தது. அசோகன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். நான் மோக்கும்போதெல்லாம் என் மூஞ்சியை ஒரு நொடி கூடுதலாகப் பார்க்கும். கிழவன் எப்போது தப்பு சொல்லுவான் என்று காத்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

"நல்லாத்தான் கீது. கொதிக்க வெச்சி கொழந்தைக்கு மொதல்ல போடு" என்றேன்.

"சரிங்க மாமா."

பேத்தி ஜொவிட்டாவுக்கு ஐந்து வயசு. முள் எடுத்துக் கொடுத்தால் ரெண்டு தட்டு சாப்பிடும். கொஞ்ச நேரத்தில் அதற்குத் தட்டு வந்தது. ரசம் சோறு, பொரித்த முட்டை. எனக்கும் அதே.

"கொழம்பு இன்னா ஆச்சு?"

"கை தவறிடுச்சு மாமா. கவுந்துடுச்சு."

"மொத்தமுமா?"

"மொத்தமும்தான்."

போன ஆடியில் ஒரு தடவை கவிழ்த்தாள், பொங்கலுக்கு முன்னே ஒரு தடவை. கை நிதானம் இல்லாத பெண் என்று நானே பேசியிருக்கிறேன். ஆனால் இன்றைக்குச் சட்டி விழுந்த சத்தம் கேட்கவில்லை. காது எனக்கு நல்லாத்தான் இருக்கிறது. கானாங்கத்தை ஆறு துண்டு இருந்தது, அம்மா வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டாளோ என்றுகூட என் புத்தி போனது. கை கழுவுகிற சாக்கில் சமையல்கட்டுக்குள் போனேன். தரை காய்ந்திருந்தது. சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்திருந்தாள். பின்பக்கக் கதவைத் திறந்தால் வராந்தாவில் குப்பை வாளி, அதன் விளிம்பில் ஒரு பூனை. வாளிக்குள் ஆறு துண்டும் உடையாமல் கிடந்தன. பூனை குனிந்து மோந்தது. தலையை உதறிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டது. மீன் கடைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த பூனை அது.

திரும்பி வந்து அடுப்பு மேடையைப் பார்த்தேன். சட்டி இருக்கிற இடத்துக்கு நேர் மேலே தளம் ஊறி, மேல்வீட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆவி போகட்டும் என்று மூடித் தட்டை எப்போதும் ஒரு பக்கம் விலக்கித்தான் வைக்க வேண்டும். அதுவும் என் சட்டம். நாள் முழுக்க அந்த அழுக்குத் தண்ணீர் குழம்பில் இறங்கியிருக்கிறது. கண்ணைத் திறந்திருந்தால் நுரை கட்டியிருந்ததாவது தெரிந்திருக்கும். மோக்கிறவன் மாதிரி நடிக்கப் போய்க் கண்ணையும் மூடிக்கொண்டேன். அதைத்தான் குழந்தைக்கு மொதல்ல போடு என்றேன்.

அசோகன் நனைந்துகொண்டு வந்தான். தட்டைப் பார்த்தான்.

"மறுபடியும் கவுத்துட்டியா? இன்னாம்மே, சட்டி உன்ன கண்டாலே குதிக்குதா?"

"ஆமா, குதிக்குது. சாப்புடு" என்றாள் அவள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மழை விட்டது. படகு போகாததால் மீன் இல்லை, கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மறுநாள் சாயங்காலம் மீதியோடு சட்டி வந்தது. தட்டு இந்தத் தடவை இறுக்க மூடியிருந்தது.

"மாமா, பாருங்க."

நான் கண்ணை மூடவில்லை. அவள் மூஞ்சியைப் பார்த்தேன். மூக்கு நுனியில் குழம்பு எண்ணெய் ஒரு சொட்டு, சிவப்பாக. உள்ளேயே குனிந்து மோந்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறாள். எத்தனை நாளாக, எத்தனை சட்டி, தெரியவில்லை.

பழக்கத்தில் ஜன்னலைப் பார்த்தேன். காத்து ஒரு மணிக்கே வந்திருந்தது. பனியன் காய்ந்திருந்தது.

"நீ சொல்லு" என்றேன்.

அவள் சட்டியை இறக்கவில்லை, கை வலித்திருக்கும். மூக்கு நுனியில் அந்தச் சிவப்புச் சொட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை.