முதலில் செய்ய வேண்டியது எது?

இருபத்தொரு வருடம் வார்டில் நின்று கால் வீங்கிப்போன ஒருத்தியிடம், உனக்கு நர்ஸ் வேலை தெரியுமா என்று தாளில் நான்கு கட்டம் போட்டுக் கேட்பது என்ன நியாயம்? நினைத்தாலே நர்ஸம்மாவுக்கு வயிறு எரிந்தது. பழைய சான்றிதழ்க்காரர்கள் எல்லாரும் உரிமத் தேர்வு எழுத வேண்டும், மூன்றே வாய்ப்பு, அதற்குள் அறுபத்தைந்து மார்க் வாங்காவிட்டால் உதவியாளர் வேலைக்கு இறக்கிவிடுவோம் என்று புது விதி வந்திருந்தது. உதவியாளர் என்றால் ஊசியைத் தொடக் கூடாது. படுக்கை விரிப்பு மாற்றலாம். முதல் தடவை அவளுக்கு அறுபத்தொன்று. விழுந்து விழுந்து படித்துவிட்டுப் போன இரண்டாம் தடவை ஐம்பத்தெட்டு. மிச்சமிருந்தது ஒன்றுதான்.

பாடமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்த மருந்து, எவ்வளவு, எதோடு எது சேரக் கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளைக் கவிழ்த்தது ஒரே ஒரு ரகக் கேள்வி. நான்கு விடையும் சரியாகவே இருக்கும். அவற்றில் முதலில் செய்ய வேண்டியது எது என்று கேட்பார்கள். நூறு கேள்வியில் ஐம்பது அந்த ரகம்.

அதைவிடப் பெரிய கொடுமை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளைக் கேள்வி கேட்க உட்கார்ந்தவர், சும்மா இருக்க மாட்டாமல் தானும் பென்சிலால் குறித்துப் பார்த்தார். எண்பத்திரண்டு மார்க். கல்லீரல் வலது பக்கமா இடது பக்கமா என்றுகூடத் தெரியாத மனுஷன். 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துச் சொல்கிற விடையை முதலில் வெட்ட வேண்டுமாம். ஒன்றுக்கொன்று நேர் எதிராக இரண்டு விடை இருந்தால் அந்த இரண்டில் ஒன்றுதான் சரியாம். டாக்டருக்குச் சொல் என்பது நழுவப் பார்க்கிற ஆளின் விடையாம், பெரும்பாலும் தப்பாம். இதையெல்லாம் கம்ப்ரஸரைத் தட்டிப் பார்த்துச் சொல்வது போல அவர் சொல்லச் சொல்ல, அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூச்சு முட்டுகிற நோயாளி பற்றிய கேள்வியில்தான் புத்தகம் பறந்தது. முதலில் எது? டாக்டருக்குச் சொல்வதா, நிமிர்த்தி உட்கார வைப்பதா, ஆக்சிஜன் கொடுப்பதா, நாடி பார்ப்பதா?

"நாலையும்தான் செய்வேன்," என்றாள். "கை நிமித்தும், வாய் டாக்டரைக் கூப்பிடும், கால் சிலிண்டரை இழுக்கும். இதை எழுதினவன் வார்டு வாசலையாவது மிதிச்சிருப்பானா?"

"மிதிச்சானோ இல்லையோ, மார்க் அவன்கிட்டதான் இருக்கு."



தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நாத்தனார் வந்து சேர்ந்தார். மெக்கானிக்கின் அக்கா. வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச நாள் பார்த்து வருகிறவர். லிஃப்ட் ஓடவில்லை, நான்கு மாடி ஏறியும் வாய் ஓயவில்லை. உதவியாளர் வேலையும் மரியாதையான வேலைதான், யார் என்ன நினைக்கப் போகிறார்கள் என்று சோபாவில் சாய்ந்தபடி ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். ஆறுதல் பாதியில் நின்றது. வருடக்கணக்காக இருக்கிற இளைப்பு. உதடு நீலம் பாய்ந்து, கழுத்து நரம்பு புடைத்து, அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

எண்பத்திரண்டு மார்க் வாங்கியவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவோரம் மரமாக நின்றார். நர்ஸம்மாதான் பாய்ந்தாள். பத்து நிமிடத்தில் மூச்சு ஒருவாறு தணிந்தது. கீழ்வீட்டுக்காரர் வண்டியோடு வாசலில் தயாராக நின்றார். மருத்துவமனையில் பார்த்துவிட்டு, பயமில்லை என்று மாலையே அனுப்பிவிட்டார்கள். நாத்தனாரை அவர் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பியதும் மெக்கானிக் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"கோவிச்சுக்காதே. நாலையும் ஒண்ணா செய்வேன்னியே, நீ அப்படிச் செய்யலை."

அவள் முறைத்தாள்.

"நான் சும்மாதானே நின்னேன், எல்லாத்தையும் பார்த்தேன். உன் கை முதல்ல அக்கா முதுகுக்குத்தான் போச்சு. உக்கார வச்ச பிறகுதான் பை எங்கன்னு கேட்டே. இன்ஹேலர் வாய்க்குப் போன பிறகுதான் வண்டிக்குக் கத்தினே. நாடி கடைசியிலதான்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கே நினைவில்லை. எழுந்து போய்த் தலையணையைச் சோபாவில் சரித்துப் போட்டு, மறுபடி பாய்ந்து பார்த்தாள். கை முதுகுக்குத்தான் போனது. இன்னொரு தடவை செய்தாள். அதே முதுகு. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இருபத்தொரு வருடம் கூடவே இருந்த கை, வரிசையைத் தனக்குள் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை அவளிடம் சொன்னதில்லை.

அன்றும் மறுநாளும் தலையணை படாத பாடு பட்டது. அதற்கு ரத்தம் கொட்டியது, வலிப்பு வந்தது, சர்க்கரை இறங்கியது. மெக்கானிக் கேள்வியைப் படிப்பார். அவள் விடைகளைப் பார்க்காமல் கையை அதன் போக்கில் விட்டுப் பார்ப்பாள். கை எங்கே முதலில் போகிறதோ அதைக் குறிப்பாள். ஐம்பதுக்கு முப்பத்தாறு சரி.

தேர்வு அறைக்குத் தலையணையைக் கொண்டுபோக முடியாது. அந்த ரகக் கேள்வி வரும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் காற்றிலேயே ஒருவரை நிமிர்த்தினாள், ஒருவரின் காயத்தை அழுத்தினாள், ஒருவரைப் பக்கவாட்டில் புரட்டினாள். மேற்பார்வையாளர் மூன்று தடவை அவளைச் சுற்றி வந்தார். நான்காவது தடவை பக்கத்திலேயே நின்றுவிட்டார். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் விரித்துக் காட்டினாள்.

"ஒண்ணுமில்லைங்க."

அவர் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்.

எழுபத்தேழு மார்க் வந்தது. அதாவது இருபத்துமூன்று விடை தப்பு. கையில் ஒன்றுமில்லை என்று மேற்பார்வையாளருக்குச் சொன்னதையும் சேர்த்தால் இருபத்துநான்கு.