ஐந்தாம் தடத்தின் நடுவர்

கிருமாம்பாக்கத்துக் கல்லூரி நீச்சல் குளத்தில் ஐந்தாம் தடத்தின் முனையில் நின்ற ஜெசிந்தா மேரி கையை உயர்த்திவிட்டாள். தவறு நடந்தது என்று அதற்குப் பொருள். அந்தத் தடத்தில் நீந்தி எல்லோருக்கும் முதலாவதாக வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை ஷெரின்.

மார்பு நீச்சலில் சுவரை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஷெரின் வலது கையால் மட்டும் தொட்டாள். அபிஷேகப்பாக்கத்தில் அப்பாவின் மோட்டார் கிணற்றில் பழகியவர்களுக்கு உள்ள கோளாறு அது. களைத்துப்போனால் ஒரு கை தானாக, பிடித்துக்கொள்ள மோட்டார்க் குழாயைத் தேடும்.

தேசியப் போட்டிக்கு ஒரே ஓர் இடம். ஷெரினுக்கு மாமியார் கொடுத்த அனுமதியும் இந்த ஒரு தடவைக்குத்தான்.

ஷெரினின் கணவன் பிரகாஷ் ஓடிவந்தான். மூன்று வருடத்துக்கு முன் ஜெசிந்தாவைப் பெண் பார்க்க வந்து, காபி கொண்டுவந்த தங்கையைக் கேட்டுக் கட்டிக்கொண்டவன். அன்றிலிருந்து ஜெசிந்தாவை எந்த முறை சொல்லியும் அவன் கூப்பிட்டதில்லை.

"இங்க பாருங்க, எம்மேல கீற கோவத்த அவகிட்ட காட்டாதீங்க."

"உம்மேல எனக்கு இன்னா கோவம்? ஒரு கையாலதான் தொட்டா."

"வேற யாரும் பாக்கல."

"பாக்கத்தான் என்னை நிக்க வெச்சிருக்காங்க."

ஷெரின் ஈரம் சொட்டக் கரையேறினாள்.

"வுடுய்யா. மூணு வருசமா இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தா," என்று கணவனிடம் சொல்லிவிட்டு அக்காவிடம் திரும்பினாள். "ஒரு பின்லாந்துக்காரன் கதை எழுதினியேக்கா, அவன் இன்னா பண்ணான்?"

உடற்கல்விப் படிப்புக்காக ஜெசிந்தா எழுதிய வாழ்க்கை வரலாறு அது. வைனோ, மீனவர் மகன். ஏரியில் பழகி, நூறு வருடத்துக்கு முன் கப்பலேறிப் போட்டிக்குப் போனவன். மூன்றாவதாக வந்தும், ஒரு கையால்தான் தொட்டேன் என்று நடுவரிடம் சொல்லிப் பதக்கத்தை இழந்தவன். பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கினான்; அறுபது வயதுவரை குளிர்கடலில் நீந்தினான்.

"அவனே போய் சொன்னான். அவங்க அக்காவா வந்து காட்டிக் குடுத்தா?" என்றாள் ஷெரின்.

"நீயும் போய் சொல்லேன். இன்னும் நேரம் கீது."

தலைமை நடுவர் தமிழ்க்குமரன் தகுதி நீக்கத் தாளோடு வந்தார். "ஆளு இல்லாமதாம்மா உன்னை நிக்க வெச்சேன். நல்லா பாத்தியா? சந்தேகம்னா சொல்லு, நீந்தினவங்களுக்கு சாதகமா வுட்டுடலாம். விதியே அதான்."

சந்தேகம் என்ற ஒரு சொல் போதும். ஷெரின் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை உயர்ந்தபோது உள்ளே சின்னதாக ஒரு சந்தோஷம் இருந்தது. அதை ஜெசிந்தா தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை. அது அந்தப் பழைய கசப்பிலிருந்து வந்ததுதான். ஆனால் தங்கையின் இடது கை சுவருக்கு வரவே இல்லை என்பதும் உண்மை.

"சந்தேகம் இல்ல சார்." கையெழுத்துப் போட்டாள்.

பிரகாஷ் பையை இழுத்துத் தோளில் மாட்டினான். ஷெரின் அவன் பின்னால் நாலடி போய்த் திரும்பி வந்தாள்.

"இடது கை வரலன்னு எனக்கும் தெரியும்," என்றாள், அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி. "வேற யாரு வேணா சொல்லியிருக்கலாம். நீ சொல்லியிருக்கக் கூடாது. இனிமே எங்க வூட்டுப் பக்கம் வராத."