மனெ என்றால் மனையா?

டெல்பின் பயந்த பெண். எவ்வளவு பயம் என்றால், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அடுத்த தெருவில் போய் நிற்பாள். தூத்துக்குடியிலிருந்து ஓசூருக்கு வந்து ஆறே மாதமான அவள் தலையில்தான் ஒன்பதாயிரம் சொத்துகளைத் தூக்கி வைத்திருந்தார் பிரேம்குமார்.

வீடு, மனை விற்கும் இணையதளம் அவருடையது. விவரமெல்லாம் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் ஏபிஐ என்ற கணினி இணைப்பு வழியாகக் கொட்டும். ஆனால் முதலில் மெட்டாடேட்டாவைக் கேட்டு வாங்க வேண்டும். எந்தக் கட்டத்தில் என்ன வரும், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லும் அகராதி அது. பிரேம்குமார் பறந்த பறப்பில் டெல்பின் அதை வாங்கவில்லை. சொத்து வகை என்ற கட்டத்தில் எம், ஏ, என், இ என்று நாலு ஆங்கில எழுத்து வந்தது. மனைதானே? காலி மனை என்று போட்டுவிட்டாள்.

காலி மனைப் பட்டியல் தானாகவே பொக்லைன் பொன்னுசாமிக்குப் போய்விடும். முள்ளையும் புதரையும் அவர் வழித்தெடுத்தால்தான் படம் பளிச்சென்று வரும்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன். பிரேம்குமார் ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், மத்திகிரில நிக்கிறேன். காலி மனைன்னு போட்டிருக்குது. இங்க ஒரு ஓட்டு வீடு இல்ல இருக்குது? பூட்டு தொங்குது.”

“லிஸ்ட்ல காலின்னா காலிதான்யா. எவனாவது ஆக்கிரமிச்சுக் கட்டியிருப்பான். எடுத்துடு.”

டெல்பின் கணினிப் பக்கம் திரும்பினாள். அந்தச் சொத்தைத் திறந்தாள். உரிமையாளர் சாந்தம்மா. படத்தில் அடுப்பு, அதன் மேல் பால் பாத்திரம், பக்கத்தில் தூங்கும் பூனை. காலி மனையில் எதற்குப் பூனை?

மெட்டாடேட்டாவைக் கேட்டாள். அது வந்து சேர எடுத்த நான்கு நொடியில் அவளுக்கு நாற்பது வயது கூடியது. சொற்களெல்லாம் கன்னடம் என்றது அதன் முதல் வரி.

“சார், கன்னடத்துல மனென்னா என்னது?”

“வீடு. ஓசூர்ல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாதாம்மா?” என்று சிரித்த பிரேம்குமாரின் வாய் மூடவே இல்லை. சிரிப்பு மட்டும் போய்விட்டது.

பொன்னுசாமி போனை எடுக்கவில்லை. பத்து முறை, இருபது முறை. டெல்பின் ஸ்கூட்டியை எடுத்தாள். ஆட்டோவுக்கெல்லாம் நின்று வழிவிடுகிறவள், அன்று மத்திகிரி வரைக்கும் லாரிகளையே ஒதுங்க வைத்தாள்.

காம்பவுண்டு சுவர் கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. இரும்புக் கை கூரைக்கு மேல், யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல் நின்றது. பூட்டிய கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு கத்தினாள்.

“மனெ! மனெ!”

“ஆமாம்மா, மனைதான்!” மேலேயிருந்து பொன்னுசாமி கையசைத்தார். “தள்ளி நில்லு!”

இரும்புக் கை இறங்கியது. ஓடு ஒன்று நழுவி அவள் காலடியில் சிதறியது. தொண்டை கிழிந்தது அவளுக்கு.

“வீடு, அண்ணாச்சி! குடியிருக்கிற வீடு!”

இன்ஜின் நின்றது. பொன்னுசாமி துண்டால் முகத்தைத் துடைத்தபடி இறங்கி வந்தார்.

“நான் அப்பவே சொன்னேன்ல, வீடுன்னு? உங்க லிஸ்டுதான் கேக்கல.”

தெருமுனையில் டவுன் பஸ்சிலிருந்து இறங்கிய சாந்தம்மா, பையில் சாவியைத் துழாவிக்கொண்டே, இன்னும் தலை நிமிராமல் வந்துகொண்டிருந்தார்.