முடிந்த சீரியலின் அடுத்த கதை

மகளுக்குப் பிறந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என் மனைவி பூவாத்தாள் பெங்களூர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. குழந்தை கெட்டுப்போகுமென்று மகள் வீட்டில் டிவியே வாங்கவில்லை. அதனால் பூவாத்தாளின் சீரியலை இங்கே நல்லேப்பிள்ளியில் நான் பார்த்து, தினமும் போனில் கதை சொல்வேன். சும்மா சொல்வேனா? மாமியார் ஓர் அறை விட்டால், நான் ஒன்பது விடவைப்பேன். கதாநாயகி அழுதால் சித்தூர்ப் புழை ஆற்றில் வெள்ளமே வந்துவிடும்.

போன வாரம் சீரியல் முடிந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் தினமும் எதைச் சாக்கிட்டுப் பேசுவது? கதையை நானே ஓட்டினேன். கோபித்துக்கொண்டு போயிருந்த கதாநாயகியை நேற்று ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டேன்.

"புருசங்காரன் வாசல்லயே நிக்கறான் புள்ள. பத்து நாளாச் சோறு தண்ணி இல்ல. துரும்பா எளைச்சுட்டான்."



"ஏனுங்க, அது போன வாரமே முடிஞ்சுருச்சுன்னு நம்மூட்டுக்குப் பக்கத்து ஊட்டுக் கோமதி போன் பண்ணிச் சொன்னாளுங்க."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"அவளைப் பஸ்ஸை விட்டு எறக்கிப்போடுங்க," என்றாள். "கொழந்தை நடக்கட்டும், அப்புறம் வருவா. அதுவரைக்கும் அந்த மனுசனை நேரத்துக்குச் சோறு திங்கச் சொல்லுங்க."