சாணித் தண்ணீரும் சடைச்சியும்

என் மாமியார் சொக்கம்மாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார் என்றால் அதற்கு மேல் பஞ்சாயத்து கிடையாது. வெள்ளிக்கிழமை வீட்டை மெழுகிச் சாமி கும்பிடுவதற்குள் நான் கொண்டுவந்த நாய் சடைச்சி உள்ளே மூத்திரம் போவதை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அது வந்த இடத்துக்கே போக வேண்டும். என் வீட்டுக்காரர் மோகனும் தலையாட்டிவிட்டார். அம்மா பேச்சு என்றால் அவர் தலை தானாக ஆடும்.

வந்த இடம் என்பது மானாம்பதிப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகை. மாடுகளை விற்றுவிட்டு ஊரைக் காலி செய்தவர்கள் நாயை மட்டும் சங்கிலியோடு விட்டுப் போயிருந்தார்கள். நாற்றுக்குச் சொல்லிவைக்கப் போன நான் முனகல் கேட்டு எட்டிப் பார்த்தேன். உடம்பெல்லாம் சாணி அப்பி, முடி சடை சடையாகத் தொங்க, நிற்க முடியாமல் நின்றது. சங்கிலியோடு அவிழ்த்து, வண்டியில் முன்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்துவிட்டேன். அதைத் திரும்பவும் அங்கே கட்டுவதா? நான் இருக்கிறவரை நடக்காது.

உத்திரமேரூர் கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டரம்மா வழி சொல்லியிருந்தார். தூங்கி எழுந்ததும், தின்றதும் வெளியே கூட்டிப் போக வேண்டும். வெளியே போனால் உடனே ஒரு துண்டு பொறை ரொட்டி கொடுக்க வேண்டும். உள்ளே போனால் அடிக்கக் கூடாது. அப்படியே செய்தேன். கொல்லை வேப்பமரத்தடியில் நானும் அதுவும் நிற்போம். அது என் முகத்தைப் பார்க்கும், நான் அதன் வாலைப் பார்ப்பேன். ஒன்றும் நடக்காது. உள்ளே வந்த கையோடு நடுக்கூடத்தில், சாமி படத்துக்கு நேர் எதிரே போய்வைக்கும்.

"இன்னாமே சுதா, திரும்பியும் போய் வச்சிகீது பாரு! இது வூடா, மாட்டுக் கொட்டாயா?" என்று அத்தை கத்துவார்.

"நான் கழுவிடறேன் அத்த."

"வெறும் தண்ணில கழுவினா தீட்டு போய்டுமா? நவுரு."

சிமெண்டுத் தரைதான். ஆனாலும் அத்தை வாளியில் சாணியைக் கரைத்துத் தெளித்து, துணியால் அழுத்தி மெழுகிவிடுவார். எனக்கும் அது சரியாகவே பட்டது. என் பிறந்த வீட்டிலும் அசுத்தம் என்றால் சாணித் தண்ணீர்தான். அது போகப் போக நாங்கள் மெழுகினோம். நாங்கள் மெழுக மெழுக அதுவும் போனது.

மோகன் அந்தப் பழைய சங்கிலியைத் துடைத்து, எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டிவைத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை மதியம் கத்தரிக்கோல், பேன் சீப்பு, ஒரு கை பொறை எல்லாம் எடுத்துக்கொண்டு சடைச்சியைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனேன்.

"நாளைக்குப் போவப்போற நாய்க்கு இன்னாத்துக்குமே சிங்காரம்?" என்றார் மோகன்.

"யாரு போறாங்கன்னு பாக்கலாம் மாமா."

நனைத்தால் சடை இன்னும் இறுகும் என்று காய்ந்த முடியிலேயே வெட்ட ஆரம்பித்தேன். தோலுக்கும் சடைக்கும் நடுவில் என் விரலைக் கொடுத்துக்கொண்டேன். கத்தரி தவறினாலும் என் விரல் வெட்டுப்படட்டும். வயிற்றுப் பக்கம் போனதும் உறுமியது. நிறுத்தினேன், பொறை கொடுத்தேன், மறுபடி வெட்டினேன். கழுத்தில் சங்கிலி அறுத்த இடத்தில் முடியே இல்லை, வெறும் தழும்பு. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வெட்டினேன்.

பின்னங்காலில் காய்ந்த சாணி உருண்டையாக ஒட்டியிருந்தது. அதை முடியோடு வெட்டித் தூக்கி எறிந்தேன். சடைச்சி எழுந்து அதன் பின்னாலேயே போனது. மோந்து பார்த்தது. ஒரு சுற்று சுற்றி, அதன் மேலேயே உட்கார்ந்து மூத்திரம் போனது.

கத்தரிக்கோலோடு அப்படியே நின்றுவிட்டேன். கொட்டகையில் கட்டிக் கிடந்த பிராணிக்குச் சாணி வாடை அடிக்கிற இடம்தான் கக்கூஸ். நாங்கள் மாமியாரும் மருமகளுமாகச் சேர்ந்து நடுக்கூடத்தில் அதற்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

அன்றைக்கே கூடத்தைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஒரு கூடை சாணியை வேப்பமரத்தடியில் கொட்டினேன். சாயங்காலம் அது அங்கே போனது. பொறை கொடுத்துக் கொஞ்சினேன். இனி அத்தைதான் பாக்கி.

"அத்த, நாளைக்குக் கூடத்துல சாணி வேணாம். மஞ்சத் தண்ணி தெளிச்சிக்கலாம்."

"இன்னாது? எங்க மாமியார் காலத்துலேந்து பண்ணிக்கினு வர்றத ஒரு நாய்க்காவ வுடணுமா?"

"வாசலுக்கு எப்பவும் போலத் தெளிங்க. கூடத்துக்கு மட்டும் வேணாம். அப்பவும் உள்ள போச்சுன்னா, நானே கொண்டுபோய்க் கட்டிட்டு வர்றேன்."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனால் காலையில் மஞ்சள் அரைத்துக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்.

பூசை நேரம். நான் கற்பூரத் தட்டோடு நின்றேன். குளித்து, வாரி, பாதி நாயாக இளைத்துப்போன சடைச்சி உள்ளே வந்தது. நேராகப் பழைய இடத்துக்குப் போய் மோந்தது. ஒரு சுற்று சுற்றியது. அது சுற்றினால் என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மோகன் ஆணியிலிருந்து சங்கிலியை எடுத்தார்.

சடைச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அப்புறம் பின்கதவுக்குப் போய்ப் பிறாண்டியது.

எரிகிற தட்டோடு என்னால் ஓட முடியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றது அத்தைதான். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு தாழ்ப்பாளைத் திறந்து, அதன் பின்னாலேயே கொல்லைக்குப் போனார். கற்பூரம் அணைந்த பிறகுதான் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

"மரத்தாண்ட போய்ட்டு வந்துகீது," என்று என்னிடம் கையை நீட்டினார். "அந்தப் பொறைய எங்கடி வச்சிகீற?"

மோகன் இன்னமும் சங்கிலியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாத்துக்குடா அதக் கையில வச்சிக்கினு நிக்கற? கெணத்து வாளிக்குக் கயிறு இத்துப் போய்கீது. போய் அதுல கட்டு," என்றார் அத்தை.