புல் படாத சிவப்பு டிராக்டர்

எங்கள் ஊரான நார்டாலில் புல் முதலில் எடுத்துக்கொண்டது டாலஃப்சன் வீட்டை. மக்காச்சோளத்தை டப்பாவில் அடைக்கும் ஆலை மூடி, அவர்கள் மினியாபொலிஸ் பக்கம் பிழைக்கப் போன வருஷம் அது. முற்றத்துப் புல்லை வெட்ட ஆளில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் போனபோது தபால் பெட்டி இருந்தது, வீடு இல்லை. புகைபோக்கி மட்டும் மதியம்வரை நின்றது, பிறகு அதுவும் உள்ளே போய்விட்டது. காப்பீட்டுக்காரர் வந்து அசைந்தாடும் புல்லைச் சுற்றி நடந்தார், சேதம் எதுவும் தெரியவில்லையே என்றார், எங்கள் தேவாலயத்தில் ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பிய டாலஃப்சனின் மூத்த மகள் நெடுஞ்சாலையில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, திருப்பம் கிடைக்காமல் அழுதுகொண்டே திரும்பினாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். புல் வீட்டை மட்டும் எடுப்பதில்லை, அந்த வீட்டுக்காரர்களிடமிருந்து ஊருக்கு வரும் வழியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அதற்குள் இன்னும் மூன்று வீடுகள் போயிருந்தன.

வெர்லின் ஹாகன் அந்த ஆலையில் கொதிகலன் பார்த்தவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் நாற்பதுக்கும் மேல் பழைய தோட்ட டிராக்டர்களைச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் வயிற்றுக்கு அடியில் பிளேடு சுழல, ஒரு ஆள் மேலே உட்கார்ந்து புல் வெட்டுகிற சின்ன வண்டிகள், எல்லாம் சிவப்பு. நாற்பது என்றால் நாற்பதும் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓடுகிற ஒன்றுக்குக் கழற்றிக்கொடுக்க ஓடாத ஐந்து வேண்டும், இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் கணக்குச் சொல்வார்கள். எதிர்வீட்டு ஆர்டெல் பச்சை வண்டிக்காரர், அது வேறு கம்பெனி. சிவப்பும் பச்சையும் எங்கள் பக்கத்தில் விளையாட்டு இல்லை, கல்யாணங்களே அதில் தட்டிப்போயிருக்கின்றன. இரண்டு பேரும் எத்தனையோ வருஷமாகத் தேவாலயத்தில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒருவர் ஸ்பேனரை இன்னொருவர் தொட்டதில்லை.

வெர்லினுக்கும் அவர் மனைவி லவோனுக்கும் ஒரே பிள்ளை, டாரின். இரண்டு தெரு தள்ளிச் சின்ன வீடு வாங்கியிருந்தான். ஆலை மூடியதும் வடக்கே எண்ணெய் வயல் வேலைக்குப் போனான், ஒரு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று. ஒரு வருஷம் ஆறாயிற்று. டாலஃப்சன் மகளின் கதையைக் கேட்ட நாளிலிருந்து வெர்லின் தன் வீட்டுப் புல்லை வெட்டும் முன்பே மகன் வீட்டுக்குப் போய்விடுவார். வரிவரியாக, மூலைகளில் கத்தரிபோட்டு, யாரோ உள்ளே குடியிருப்பதுபோல வெட்டி வைப்பார். வழி திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. மகனிடம் தொலைபேசியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் ஊர் ஆண்கள் மகனிடம் வானிலையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

டாரின் பையனாக இருந்தபோது அக்கம்பக்கத்து முற்றங்களை வெட்டிச் சம்பாதிக்க ஒரு சிவப்பு வண்டி வாங்கினார்கள், பாதிப் பணம் அவனுடையது. அதைத்தான் வெர்லின் இந்த ஆறு வருஷமும் புதுப்பித்துக்கொண்டிருந்தார், பிள்ளை வரும்போது கொடுக்க. ஆணி ஆணியாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, பிளேடு சுழலும் தட்டின் அடிப்பக்கத்துக்குக்கூட மூன்று பூச்சு பெயிண்ட் அடித்து மெருகேற்றினார். அடிப்பக்கத்தை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? ஆகஸ்டில் நடக்கும் பழைய டிராக்டர் கண்காட்சியின் நடுவர்கள் பார்த்தார்கள், கோப்பை கொடுத்தார்கள். அப்படிப் புதுப்பித்த வண்டியில் யாரும் புல் வெட்டுவதில்லை, அது ஒரு வழக்கம். கண்காட்சிக்கே டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோவார்கள். ஓடுகிற வண்டிகளிலிருந்து நல்ல கார்புரேட்டர், நல்ல பெல்ட், நல்ல இக்னிஷன் சுருள் எல்லாம் ஒவ்வொன்றாக இந்த வண்டிக்குப் போயின. மற்றவை படுத்துவிட்டன. கொட்டகையில் எலிகள் எஞ்சின்களுக்குள் குடும்பம் நடத்தின. கடைசியில் புல் வெட்ட ஒரே ஒரு கிழட்டு வண்டிதான் மிஞ்சியது.

அடைமழை பிடித்த ஒரு ஜூன் மாதத்தில் அதன் கியர் பெட்டி பிளந்தது. டாரின் வீட்டுப் புல் ஏற்கெனவே முழங்காலுக்கு வந்திருந்தது. ஆர்டெல் மழைக்கோட்டோடு தெருவைக் கடந்து வந்தார்.

"என்னோடது ஒண்ண எடுத்துட்டுப் போ. நாலு நிக்குது சும்மா."

"பச்சை வண்டியையா? எம் பையன் முற்றத்துலயா?" என்றார் வெர்லின்.

"புல்லுக்குக் கலர் தெரியுமாடா? அப்ப உன் மகாராணிய வெளிய எடு. டிரெய்லர்லயே ஊர்வலம் போனது போதும், ஒரு நாள் வேலை செய்யட்டும்."

"அது டாரினுக்கு. அதுல புல் பட விடமாட்டேன்."

"சரி, உன் இஷ்டம்" என்றார் ஆர்டெல். எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக யாரும் திட்டுவதில்லை.

வெர்லின் அயோவாவில் நடக்கும் பழைய சாமான் சந்தைக்குக் கியர் பெட்டி தேடிக் கிளம்பினார். இரண்டு நாள் சேற்றில் மேசை மேசையாக அலைந்து, மூன்றாம் நாள் சரியான பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் வழியில் நின்று ஒரு துண்டு ஆப்பிள் பை வாங்கிச் சாப்பிட்டார் என்று பிற்பாடு அவரே சொன்னார், அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது டாரின் வீடு இருந்த இடத்தில் மார்பளவு புல் மழையில் தலைசாய்த்துக் கிடந்தது. நாங்கள் சிலர் அங்கே நின்றுகொண்டிருந்தோம். கூரை போனதை ஆர்டெல் பார்த்திருந்தார். அரிவாளோடு உள்ளே இறங்கியும் பார்த்திருந்தார், கை முழுக்கக் கீறல். வெர்லின் கியர் பெட்டியைக் குழந்தையைப்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவரைப் பார்க்க எங்களுக்குப் பொறுக்கவில்லை.

மறுவாரம் தொலைபேசி அடித்தது. லவோன் தேவாலயத்தில் யாருடைய இறுதிச் சடங்குச் சாப்பாட்டுக்கோ பன் அடுக்கப் போயிருந்தாள், பிக்கப் வண்டியும் அவளோடு போயிருந்தது.

"அப்பா, நாந்தான். மார்லிஸ் பங்க்ல நிக்கிறேன். வேலையை விட்டுட்டேம்ப்பா, சாமான் எல்லாம் ஏத்திட்டு வந்துட்டேன், இனிமே இங்கதான். ஆனா சிரிக்காதீங்க, நம்மூருக்கு எங்க திரும்பணும்னே தெரியல."

மார்லிஸின் பெட்ரோல் பங்க் ஆறு மைல் தள்ளி நெடுஞ்சாலையில் இருக்கிறது. வெர்லின் கொட்டகையைத் திறந்து சிவப்பு வண்டியின்மேல் போர்த்தியிருந்த துணியை உருவினார். அந்த வண்டி சொந்தக் காலில் ஊரைத் தாண்டியது அன்றைக்குத்தான். மழையில், லாரிகள் சேறடிக்க, நடந்து போகிறவனைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனார். டாரின் பங்க்கின் கூரைக்கடியில் நின்றிருந்தான், தலையில் நரை விழுந்திருந்தது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று இருவருக்கும் ஒரு கணம் குழப்பம். அவன் வண்டியைக் கட்டிக்கொண்டான். சுற்றிச் சுற்றி வந்தான், குனிந்து அடிப்பக்கம் பார்த்தான், சிரித்தான்.

"என்னப்பா, அடியில கண்ணாடி மாதிரி இருக்கு! இது புல்லையே பாத்ததில்லையா?"

"உனக்குன்னு வெச்சிருந்தேன்."

"வீடு?"

"மழை ஜாஸ்தி" என்றார் வெர்லின்.

டாரின் ஈரக் கையால் பெயிண்டைத் தடவிக்கொண்டே இருந்தான். "இதுல வெட்டியிருக்கலாமேப்பா. வெட்டுறதுக்குத்தானே வாங்கினோம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மார்லிஸ் இன்றைக்கும் சொல்கிறாள்.

செய்யக்கூடியதைச் செய்து பார்த்தார்கள். லவோன் பிக்கப்பில் வந்து மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப்போனாள். திருப்பத்தில் வண்டி வளைந்ததும் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, டாரின் பங்க்கில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தான். அடுத்த தடவை அவன் கையைத் தன் கையோடு கயிற்றால் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தது கயிறு. மூன்றாவது தடவைக்கு அவள் சம்மதிக்கவில்லை. டாரின் வில்மார் பக்கத்தில் வான்கோழி ஆலையில் வேலை தேடிக்கொண்டான். வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் பங்க்குக்கு வருவான். லவோன் எலுமிச்சை கேக் எடுத்துப்போவாள், எஞ்சின் ஆயில் டப்பாக்களுக்கும் சூயிங்கத்துக்கும் நடுவில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எப்படி இருக்கீங்க என்று மார்லிஸ் கேட்டால் மூன்று பேரும் பரவாயில்லை என்பார்கள்.

லவோனுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தது, சீக்கிரம் முடிந்துவிட்டது. இறுதிச் சடங்கைத் தேவாலயத்தில் வைத்தால் மகன் வர முடியாது என்பதால் பங்க்கிலேயே வைத்தோம். பாதிரியார் டீசல் பம்ப்புக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தார், நடுவில் பெட்ரோல் போட வந்த வெளியூர்க்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடைசிவரை நின்றார். பன்றி இறைச்சி வைத்த பன்னை கார் பானட்களின்மேல் அடுக்கினோம். பிறகு அவளை ஊர்க் கல்லறைக்குக் கொண்டுபோனோம். திருப்பம்வரை டாரின் பின்னால் நடந்து வந்தான், அதற்குமேல் அவனைக் காணவில்லை. பங்க்கில் நின்று அழுதுகொண்டிருந்தான் என்று மார்லிஸ் சொன்னாள்.

அடுத்த வசந்தத்தில் மார்லிஸ் பங்க்கை மூடிவிட்டு அக்காவோடு இருக்க டுலூத் போனாள். போகும் முன் சாவியை வெர்லினிடம் கொடுத்தாள். பங்க்கைச் சுற்றியும் புல் இருந்தது. அது ஏறினால் டாரினுக்கு வந்து நிற்க ஒரு இடம்கூட இருக்காது. அதனால் வெர்லின் வாரா வாரம் சிவப்பு வண்டியை ஓட்டிப்போய் அங்கே வெட்டினார். முதல் நாளே கல் தெறித்து அடிப்பக்கத்துப் பெயிண்ட் உரிந்தது, ஒரு கோடைக்குள் தட்டு வெறும் இரும்பாயிற்று. பெல்ட் ஓடும் கப்பி தேய்ந்தபோது ஆர்டெல் தன் வண்டியிலிருந்து ஒரு பச்சைக் கப்பியைக் கழற்றிக் கொடுத்தார், வெர்லின் அதையே மாட்டிக்கொண்டார். அந்த அளவு பெல்ட் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. இருந்த கடைசிப் பெல்ட் நார்நாராகப் பிரிய ஆரம்பித்துவிட்டது. வீடு, பங்க் என்று இரண்டு இடத்துக்கு வராது, ஒரு இடத்துக்கு, மெதுவாகப் போனால், வரலாம். வீட்டுப் புல்லைத் தான் வெட்டுவதாக ஆர்டெல் சொன்னார். அந்தப் பேச்சு நடந்த வாரமே ஆர்டெலுக்குப் பக்கவாதம் வந்து, மகள் அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்து, பச்சை வண்டிகளையும் விற்றுவிட்டாள்.

வேறு யாராவது வெட்டியிருக்கலாமே என்றால், வெட்டியிருக்கலாம். மிஞ்சியிருந்தது நாங்கள் கொஞ்சம் பேர், தெருவெல்லாம் வெட்டவேண்டிய முற்றங்கள். வெர்லினும் எங்களைக் கேட்கவில்லை. ஒரு நாள் லவோனின் கல்லறைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு படுக்கை, காபிப் பாத்திரம், ஸ்பேனர் பெட்டி இவற்றைச் சிறு டிரெய்லரில் போட்டு, சிவப்பு வண்டியை அதன் முன்னால் பூட்டிக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் போனார். ஜூலையில் ஹாகன் வீடு உள்ளே போயிற்று, கொட்டகை மறுநாள், எலிகளோடு.

இப்போது அவர் பங்க்கின் பின்னறையில் இருக்கிறார். அவருக்கும் இனி ஊருக்கு வழி தெரியாது. டாரின் போன செப்டம்பர் விடுமுறைக்கு வரவில்லை, ஆலையில் ஓவர்டைம். அதற்கு முந்தைய விடுமுறைக்கும் வரவில்லை. புல் மட்டும் எப்போதும் குட்டையாக, வரிவரியாக, மூலைகளில் கத்தரிபோட்டு இருக்கிறது. நாங்கள் ரொட்டியும் காபித் தூளும் கொண்டுபோனால், மழை எப்படி, சோளம் எப்படி என்று விசாரிப்பார். கிளம்பும்போதுதான், வண்டியின் பானட்டைத் துடைத்தபடி, எங்களைப் பார்க்காமல் கேட்பார்.

"லவோன் பக்கம் புல் எப்படி இருக்கு?"

"குட்டையா இருக்கு வெர்லின்" என்போம். கல்லறைப் புல்லை முறைபோட்டு நாங்கள் வெட்டுகிறோம், இருக்கும்வரை.