தோளில் வந்த சடையன்

பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நூறு பால்மரக் கூலிகளைக் கங்காணியாக மேய்த்துக்கொண்டிருந்த மண்டோர் குப்பண்ணன், ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் பிரசங்கம் கேட்டான். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனை நினைத்து அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை பெரட்டுத் திடலில் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணியபோது சடையனைக் காணவில்லை. குப்பண்ணன் எல்லோரையும் அப்படியே விட்டுவிட்டுத் தேடிப் போனான். ஆற்றோரம் தூங்கிக்கொண்டிருந்தவனைத் தோளில் சுமந்து வந்தபோது, திடலில் தோட்டத்துத் துரை மட்டும் நின்றிருந்தார்.

“மத்தவங்க எங்கே?”

“அவங்க தொலையாதவங்கதானே தொரே. வீட்டுக்குப் போயிருப்பாங்க.”

தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்காரும் துரை, ஓங்கிய பிரம்பை இறக்கிக்கொண்டார்.

அடுத்த நாள் நூறு பேரும் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காத்திருந்தார்கள். குப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதலில் ஒல்லியானவர்களைத் தேடத் தொடங்கினான்.